கரும்பொருளுக்கும் கரும் ஆற்றலுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரும்பொருள், கரும் ஆற்றல் என்பவை எவை? அவை எந்த அளவில் இருக்கின்றன?

பெயரில் உள்ள "கரும்" என்ற அடைமொழியைத் தவிர இவ்விரண்டுக்கும் பொதுவானது மிகக் குறைவு. இருண்ட பொருள், இருண்ட ஆற்றல் என்றும் இவற்றைச் சிலர் எழுதுவதுண்டு. கரும்பொருள் ஒளியை உமிழ்வதில்லை, உறிஞ்சுவதுமில்லை. ஆனால் ஈர்ப்பு விசையால் மற்றவற்றை இழுக்கிறது. 1933-இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி, கோமா கொத்திலுள்ள விண்மீன் மண்டலங்கள் கண்ணுக்குத் தெரியும் பொருளால் மட்டும் கட்டிவைக்க முடியாத வேகத்தில் அலைவதைக் கண்டார். 1970-களில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் தனித்தனி மண்டலங்களின் சுழற்சியை அளந்தபோது அதே பற்றாக்குறை அங்கும் தெரிந்தது. கரும் ஆற்றல் பற்றிய நேரடிச் சான்று 1998-இல் கிடைத்தது. தொலைதூரச் சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களை, அளந்த இரு குழுக்களும் பேரண்டத்தின் விரிவு வேகம் கூடிக்கொண்டே போகிறது என்ற ஒரே முடிவுக்கு வந்தன. சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகியோர் இதற்காக 2011-இல் நோபல் பரிசு பெற்றனர்.

தொடக்கப் பேரண்டத்திலிருந்து வரும் ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் 2018 முடிவுகளின்படி, பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் சாதாரணப் பொருள் 5 சதவீதத்தை ஒட்டியும், கரும்பொருள் 26 சதவீதத்தை ஒட்டியும், கரும் ஆற்றல் 68 சதவீதத்துக்குச் சற்று மேலும் இருக்கின்றன. சதவீதமாகச் சொன்னால் இவை பெரிய சரக்குகள் போலத் தோன்றும். பேரண்டத்தின் சராசரி அடர்த்தியை நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டராக உள்ள ஓர் அறைக்குள் வைத்துப் பார்த்தால், சாதாரணப் பொருள் 7 புரோட்டான்கள் அளவுக்கும், கரும்பொருள் 36 புரோட்டான்களின் எடை அளவுக்கும், கரும் ஆற்றல் 95 புரோட்டான்களுக்கு ஈடான அளவுக்கும் இருக்கும், அவ்வளவுதான். நாம் வாழும் பால்வீதியில் கரும்பொருள் திரண்டு கிடப்பதால், நிஜமான அறைக்குள் அதன் அளவு இந்தச் சராசரியைப் போல் பல லட்சம் மடங்கு. கரும் ஆற்றல் அப்படித் திரள்வதாகத் தெரியவில்லை. அறையிலும் அண்டவெளியிலும் அது ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் இருப்பதாகவே கொள்ளப்படுகிறது.

"ஊடாட்டம்" என்று இங்கே எதைச் சொல்கிறார்கள்?

இரண்டும் ஈர்ப்பின் வழியாக ஒன்றையொன்று பாதிக்கின்றன என்பதில் யாருக்கும் ஐயமில்லை, ஏனெனில் பேரண்டத்தின் விரிவை இரண்டும் சேர்ந்தே நடத்துகின்றன. கேள்வி அதற்கு அப்பாற்பட்டது: ஈர்ப்பு அல்லாத வேறொரு வழியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றலோ உந்தமோ கைமாறுகிறதா?

லாம்டா-சிடிஎம் என்று அழைக்கப்படும் இன்றைய செந்தர மாதிரி, கைமாறவில்லை என்று சொல்கிறது. அதன்படி விரிவால் பருமன் 8 மடங்கானால் கரும்பொருளின் அடர்த்தி சரியாக 8-இல் ஒரு பங்காகும். கரும் ஆற்றலோ, ஐன்ஸ்டைன் 1917-இல் எழுதிய அண்டவியல் மாறிலியைப் போல, எவ்வளவு விரிந்தாலும் அடர்த்தி மாறாமல் நிற்கும். கொடுக்கல் வாங்கல் இல்லை என்பது இங்கே அளந்து கண்ட முடிவன்று, எளிமை கருதி வைத்துக்கொண்ட எடுகோள் என்பதைக் கவனிக்க வேண்டும். பேரண்டத்தின் 95 சதவீதமாக உள்ள இரு கூறுகளைப் பற்றி இப்படி ஒரு எடுகோளைச் சோதிக்காமல் விடுவது சரியல்ல என்ற நிலையிலிருந்துதான் இத்துறை தொடங்குகிறது.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றல் போனால் ஆற்றல் அழியாமை விதி மீறப்படாதா?

மீறப்படாது. பொதுச் சார்பியல் கேட்பது மொத்த ஆற்றல்-உந்தக் கணக்கு நேராக வேண்டும் என்பதை மட்டுமே. ஒவ்வொரு கூறும் தனித்தனியே நேராக வேண்டும் என்று அது கேட்பதில்லை. கரும்பொருளின் சமன்பாட்டில் ஒரு தொகையை வரவாக வைத்தால், அதே தொகையைக் கரும் ஆற்றலின் சமன்பாட்டில் பற்றாக வைக்க வேண்டும். அந்தத் தொகையைத்தான் ஆய்வாளர்கள் "க்யூ" என்ற எழுத்தால் குறிக்கிறார்கள்.

இப்படியொரு எண்ணம் ஏன் வந்தது?

இதன் வேர் 1988-இல் இருக்கிறது. கிறிஸ்டோஃப் வெட்டரிக் ஒருபுறமும், பாரத் ராத்ராவும் ஜேம்ஸ் பீபிள்ஸும் மறுபுறமும், கரும் ஆற்றல் போன்ற ஒன்று மாறாத எண்ணாக இல்லாமல் காலப்போக்கில் மெல்ல உருளும் ஒரு புலமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். விரைவு விரிவு கண்டுபிடிக்கப்படுவதற்குப் பத்து ஆண்டுகள் முந்தைய சங்கதி இது. இயற்பியலில் ஒரு புலம் இருக்கிறது என்றால், அது மற்றத் துகள்களோடு ஊடாடுவதே இயல்பு. ஊடாடவில்லை என்றால்தான் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். லூக்கா அமெண்டோலா 2000-இல் இந்த வழியைக் கரும்பொருளுக்கென்று விரிவாக வகுத்துக் காட்டினார். அவருடைய மாதிரியில் கரும்பொருள் துகளின் நிறையே புலத்தின் மதிப்பைப் பொறுத்து மாறுகிறது.

இன்னொரு தூண்டுதல் "தற்செயல் சிக்கல்" எனப்படுவது. பேரண்டத்துக்கு 3,80,000 வயதானபோது, கரும் ஆற்றலை 1 பங்கு என்று வைத்தால் பொருள் ஏறக்குறைய 60 கோடி பங்கு இருந்தது. இன்று கரும் ஆற்றல் பொருளைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். இரண்டும் சமமாக இருந்தது 350 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இத்தனை நீண்ட வரலாற்றில், இரண்டும் ஒப்பிடத்தக்க அளவில் இருக்கும் குறுகிய இடைவெளியில் நாம் வாழ்வது எப்படி? இரண்டுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்தால் அவற்றின் விகிதம் தானாகவே ஒரு நிலைக்கு வந்து நிற்கக்கூடும் என்பது தொடக்க கால நம்பிக்கை.

அந்த நம்பிக்கை முழுதாகப் பலிக்கவில்லை. விகிதத்தை இன்றைய அளவில் நிறுத்தத் தேவையான வலுவான பிணைப்பை வைத்தால், விண்மீன் மண்டலங்கள் உருவாகத் தேவையான நீண்ட பொருள் ஆதிக்கக் காலம் கெட்டுப்போகிறது. எனவே இன்று இம்மாதிரிகளை ஆதரிப்பவர்கள் தற்செயல் சிக்கலை முதற்காரணமாகக் காட்டுவது குறைந்துவிட்டது.

அந்த "க்யூ" எப்படி முடிவு செய்யப்படுகிறது?

துறையின் பலவீனமே இங்குதான் இருக்கிறது. அமெண்டோலாவின் மாதிரியில் போலப் புலக் கோட்பாட்டிலிருந்து க்யூவை வருவிப்பது ஒரு வழி. பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகள் பின்பற்றுவது மற்றொரு வழி: விரிவு வீதத்தைக் கரும்பொருளின் அடர்த்தியாலோ கரும் ஆற்றலின் அடர்த்தியாலோ பெருக்கி, முன்னால் ஒரு சிறு எண்ணைப் போட்டு, அந்த எண்ணைத் தரவுகளிலிருந்து கண்டுபிடிப்பது. அலகுகள் பொருந்துகின்றன, கணக்கு எளிதாகிறது. ஆனால் உள்ளூர் அளவில் இரு துகள்கள் மோதும்போது பேரண்டம் முழுவதற்குமான விரிவு வீதம் அதற்குள் எப்படி நுழைகிறது என்று கேட்டால் பதில் இல்லை. இவ்வகை மாதிரி தரவோடு பொருந்தினால், பொருந்துகிறது என்று மட்டும் சொல்லலாம். பொறிமுறை கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது.

தரவு எவ்வளவு கறாராக இருக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கில் காணலாம். கரும் ஆற்றலிலிருந்து தொடர்ந்து கொஞ்சம் ஆற்றல் கரும்பொருளுக்கு வருகிறது என்றும், அதனால் கரும்பொருளின் அடர்த்தி விரிவின் மூன்றாம் அடுக்குக்குப் பதிலாக 2.9-ஆம் அடுக்கில் குறைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மாற்றம் 0.1 மட்டுமே. பிளாங்க் அளந்த அந்தத் தொடக்கப் பேரண்ட ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணி வெளிப்பட்டதிலிருந்து இன்றுவரை பேரண்டம் நீளவாக்கில் ஏறக்குறைய 1,091 மடங்கு விரிந்துள்ளது, 1,091-இன் 0.1 அடுக்கு என்பது கிட்டத்தட்ட 2. அதாவது, இன்றைய கரும்பொருளை அளவுகோலாக வைத்துப் பின்னோக்கிப் போனால், அன்று இருந்திருக்க வேண்டிய கரும்பொருளில் பாதிதான் இருந்திருக்கும். நுண்ணலைப் பின்னணியின் ஏற்ற இறக்கங்களோ அன்றைய கரும்பொருளின் அடர்த்தியை ஏறக்குறைய 1 சதவீதத் துல்லியத்தில் சொல்லிவிடுகின்றன. ஆக, தொடக்கம் முதலே நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு மிகச் சிறிய இடமே மிஞ்சுகிறது. கரும் ஆற்றலின் அடர்த்திக்கு ஏற்ப நடக்கும் பரிமாற்றம் அண்மைக் காலத்தில்தான் வலுப்பெறும் என்பதால், அதற்கு இடம் சற்றுத் தாராளமாக இருக்கிறது.

இன்னொரு கண்ணியும் உண்டு. 2008-இல் வாலிவீட்டா, மயரோட்டோ, மார்ட்டன்ஸ் ஆகிய மூவரும், கரும்பொருளின் அடர்த்தியைச் சார்ந்த பரிமாற்றத்தை மாறாத நிலைச் சமன்பாடு (அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம்) கொண்ட கரும் ஆற்றலோடு சேர்த்தால், தொடக்கப் பேரண்டத்தில் அடர்த்தியின் சிற்றலைகள் கட்டுக்கடங்காமல் பெருத்துவிடும் என்று காட்டினர். சராசரி அடர்த்திகளை மட்டும் பார்த்துச் "சரியாக இருக்கிறது" என்று ஏற்கப்பட்ட பல மாதிரிகள் அத்தோடு மூட்டை கட்டப்பட்டன.

கரும் ஆற்றல் ஏன் நம்மோடு ஊடாடாமல் கரும்பொருளோடு மட்டும் ஊடாட வேண்டும்?

சாதாரணப் பொருளோடு ஊடாடினால் சூரியக் குடும்பத்திலேயே தெரிந்திருக்கும் என்பது சுருக்கமான பதில். சனிக் கோளுக்குச் சென்ற காசினி விண்கலத்தின் ரேடியோ அலைகள் சூரியனுக்கு அருகே கடந்து வரும்போது ஏற்படும் மாற்றத்தை அளந்து, 2003-இல் வெளியான முடிவு பொதுச் சார்பியலோடு 1 லட்சத்தில் 2 பங்கு என்ற துல்லியத்தில் ஒத்துப்போனது. சாதாரணப் பொருளின் மேல் ஐந்தாவது விசை ஒன்று செயல்பட்டால், அது இதற்குள் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு மெலிந்ததாக இருக்க வேண்டும். கரும்பொருளின் மேல் அப்படிப்பட்ட நேரடிச் சோதனை எதையும் செய்ய முடியாது. அதனால் அங்கே கதவு திறந்தே இருக்கிறது. சோதிக்க முடியாத இடத்தில் மட்டும் புதுமை ஒளிந்திருக்கிறது என்பது வசதியான வாதம்தானே என்று கேட்பவர்களுக்கு, அந்தக் குறை நியாயமானது என்றே சொல்ல வேண்டும். ஆனால் முழுவதும் சோதிக்க முடியாதது என்றும் இல்லை.

அமெண்டோலா வகை மாதிரியில் கரும்பொருள் துகள்களுக்கிடையே கூடுதல் ஈர்ப்பு உண்டாகும். பிணைப்பைக் குறிக்கும் பீட்டா என்ற எண் 0.1 என்றால், வழக்கமான வரையறைப்படி அந்தக் கூடுதல் 2 சதவீதம். பீட்டா 0.1-ஐ விடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று நுண்ணலைப் பின்னணித் தரவுகள் காட்டுகின்றன.

நம் அருகிலேயே ஒரு சோதனைக் களமும் உண்டு. பால்வீதியைச் சுற்றிவரும் தனுசுக் குறுமண்டலம், பால்வீதியின் இழுப்பால் சிதைந்து, முன்னால் ஒரு விண்மீன் வாலும் பின்னால் ஒரு விண்மீன் வாலுமாக நீண்டு கிடக்கிறது. கரும்பொருளைக் கரும்பொருள் கூடுதலாக இழுக்கிறது, விண்மீன்களுக்கு அந்த இழுப்பு இல்லை என்றால், குறுமண்டலத்தின் கரும்பொருள் உடல் பால்வீதியை நோக்கிச் சற்று அதிகமாகச் சாயும். விண்மீன்கள் பின்தங்கி, பின்வாலில் கூடுதலாகச் சேரும். மைக்கேல் கெஸ்டனும் மார்க் கமியன்கோவ்ஸ்கியும் 2006-இல் இதைக் கணித்து, அக்கூடுதல் விசை ஈர்ப்பில் 10 சதவீத அளவுக்கு இருந்திருந்தால் இரு வால்களுக்கும் இடையே கண்ணில்படும் ஏற்றத்தாழ்வு இருந்திருக்கும் என்று காட்டினார்கள். பேரண்டம் முழுவதையும் பற்றிய ஒரு கேள்விக்கு, ஒரு குறுமண்டலத்தின் முன்வால் பின்வால் விண்மீன்களை எண்ணியே விடை தேடலாம் என்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு.

ஹபிள் முரண்பாட்டை இது தீர்த்துவிடும் என்கிறார்களே?

முரண்பாடு இதுதான்: பிளாங்க் தரவை லாம்டா-சிடிஎம் வழியாகப் படித்தால் ஹபிள் மாறிலி, அதாவது இன்றைய விரிவு வீதம், ஒரு மெகாபார்செக்குக்கு (ஏறக்குறைய 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு) நொடிக்கு 67.4 கிலோமீட்டர். தொலைவை அளக்க உதவும், ஒளி ஏறி இறங்கும் செஃபீட் விண்மீன்களையும் சூப்பர்நோவாக்களையும் கொண்டு ரீஸின் குழு 2022-இல் அளந்தது 73.04. இரண்டின் பிழை எல்லைகளையும் சேர்த்துப் பார்த்தாலும் இடைவெளி 5 சிக்மா அளவுக்கு, அதாவது பிழை எல்லையின் ஐந்து மடங்கு அளவுக்கு, நிற்கிறது.

கரும்பொருளிலிருந்து கரும் ஆற்றலுக்கு அண்மைக் காலத்தில் ஆற்றல் ஒழுகியிருந்தால் என்ன ஆகும்? தொடக்கப் பேரண்டத்தின் கரும்பொருள் அளவை நுண்ணலைப் பின்னணி பூட்டிவைத்துவிட்டது. ஆனால் பின்னாளில் அது எதிர்பார்த்ததை விட வேகமாகக் குறைந்திருக்கும். பொருள் குறைந்தால் இடைக்கால விரிவு தளரும். நுண்ணலைப் பின்னணி வெளிப்பட்ட பரப்பு வரையிலான தொலைவு கூடும். அந்தத் தொலைவை அளந்த மதிப்பிலேயே நிறுத்த வேண்டுமானால் இன்றைய விரிவு வீதத்தை உயர்த்தியாக வேண்டும். இவ்வகை மாதிரியைப் பிளாங்க் தரவோடு மட்டும் ஒப்பிட்டு டி வாலண்டினோவும் கூட்டாளிகளும் 2020-இல் வெளியிட்ட முடிவில் ஹபிள் மாறிலி 73-ஐ நெருங்கியது. அதைப் பார்த்து எழுந்த ஆரவாரம் பெரிது.

ஆனால் பிளாங்க் தரவு தனியாக நிற்கும்போது அது மிகவும் இளகியது. பிழை எல்லை விரிகிறது, இன்றைய பொருளின் அளவு நம்பத்தகாத அளவுக்குத் தாழ்கிறது. தொடக்கப் பேரண்டத்தின் ஒலியலைகள் மண்டலப் பரவலில் விட்டுச்சென்ற 147 மெகாபார்செக் நீள அடையாளத்தையும், சூப்பர்நோவாத் தொலைவுகளையும் சேர்த்தால் இடைக்காலத் தொலைவுகளும் பூட்டப்படுகின்றன; ஏற்றத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. முரண்பாடு தணிகிறது, தீரவில்லை என்பதே நேர்மையான விடை.

பொருள் திரள்வதில் காணப்பட்ட எஸ்-8 முரண்பாடு?

பொருள் எவ்வளவு கட்டிதட்டியிருக்கிறது என்பதைக் குறிக்கும் எஸ்-8 பிளாங்க் கணிப்பில் 0.83, கிட்ஸ் எனும் ஈர்ப்பு வில்லை ஆய்வு (நிறையின் ஈர்ப்பால் ஒளி வளைவதை அளப்பது) முன்பு கண்டது 0.76 அளவு. ஆற்றல் மாறாமல் உந்தம் மட்டும் கைமாறினால், காற்றில் ஓடுபவனைக் காற்று தடுப்பதுபோலக் கரும் ஆற்றல் கரும்பொருளின் ஓட்டத்தைத் தடுத்துத் திரள்வதைக் குறைக்கும். ஃபெர்கஸ் சிம்ப்சன் 2010-இல் முன்வைத்த இவ்வழி விரிவு வரலாற்றைத் தொடாமலே எஸ்-8-ஐ இறக்கக்கூடியது. அழகான யோசனைதான். ஆனால் 2025-இல் கிட்ஸ் ஆய்வின் இறுதித் தொகுப்பு 0.815 என்று வந்து, தீர்க்க வேண்டிய முரண்பாட்டையே பெருமளவு இல்லாமல் செய்துவிட்டது.

டெசி முடிவுகள் ஊடாட்டத்தைக் காட்டுகின்றனவா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிட் சிகரத்திலுள்ள 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில், 5,000 ஒளியிழைகளை ரோபோக்களால் நகர்த்தி மண்டலங்களின் நிறமாலையை எடுப்பது டெசி கருவி. 2025 மார்ச்சில் வெளியான அதன் இரண்டாம் தொகுப்பு 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மண்டலங்களையும் குவேசார்களையும் பயன்படுத்தியது. கரும் ஆற்றல் மாறாதது என்பதை விட மாறிக்கொண்டிருக்கிறது என்பதே தரவோடு நன்றாகப் பொருந்துகிறது என்றும், எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த நாட்டம் 2.8 முதல் 4.2 சிக்மா வரை இருக்கிறது என்றும் அக்குழு சொன்னது. சேர்க்கும் தொகுப்புக்கு ஏற்ப இவ்வளவு மாறுவதே எச்சரிக்கைக்குப் போதுமான காரணம்.

அதில் உறுத்தும் ஓர் இடம் உண்டு. அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கும் "டபிள்யூ" என்ற எண், முற்காலத்தில் −1-க்கும் கீழே இருந்து பின்னர் மேலே ஏறியதுபோலத் தெரிகிறது. −1-க்குக் கீழே என்றால் விரிய விரிய அடர்த்தி கூடும் ஆற்றல். எளிய புலம் எதுவும் அப்படி நடந்துகொள்ளாது. சுபினாய் தாஸ், கொரசானிட்டி, கூரி ஆகியோர் 2006-லேயே இதற்கு ஒரு வழி காட்டியிருந்தார்கள். கரும் ஆற்றலிலிருந்து பெற்றுப் பெற்றுக் கரும்பொருள் துகளின் நிறை காலப்போக்கில் கூடியிருந்தால், முற்காலக் கரும்பொருள் நாம் நினைப்பதை விடக் குறைவு. அதை அறியாத ஆய்வாளர் வழக்கமான கணக்கைப் போட்டு, கரும்பொருளுக்கு அதிகமாகப் பற்று எழுதிவிட்டு, மிச்சத்தைக் கரும் ஆற்றல் என்பார். அந்த மிச்சம் முற்காலத்தில் குறைவாகவும் பின்னர் கூடுவதாகவும் தோன்றும். உண்மையில் எந்தக் கூறும் −1-ஐத் தாண்டியிருக்காது. பேரேட்டில் விழுந்த பிழைதான் தாண்டியதுபோலக் காட்டும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹபிள் முரண்பாட்டுக்குச் சொன்ன மருந்தில் ஆற்றல் கரும்பொருளிலிருந்து கரும் ஆற்றலுக்குப் போகிறது. இங்கே எதிர்த்திசையில் வருகிறது. ஊடாட்டம் இரண்டையும் ஒருசேரத் தீர்க்கும் என்று எழுதுபவர்களிடம் எந்தத் திசை என்று கேட்க வேண்டும்.

ஊடாட்டத்தை நேரடியாகக் கண்டதாக யாரேனும் சொன்னதுண்டா?

உண்டு. ஓர்ஃபேயு பெர்டோலாமியும் உடன் பணிபுரிந்தோரும் 2007-இல் ஏபெல் 586 என்ற மண்டலக் கொத்தை எடுத்துக்கொண்டார்கள். அமைதியடைந்த கொத்தில் இயக்க ஆற்றலின் இரு மடங்கு, ஈர்ப்பு ஆற்றலின் அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஆற்றல் உள்ளேயோ வெளியேயோ ஒழுகினால் இந்தச் சமநிலை பிறழும். அப்பிறழ்வு தெரிகிறது என்று அவர்கள் வாதிட்டனர். ஒரேயொரு கொத்து, அதன் நிறையை அளப்பதிலேயே உள்ள ஐயங்கள் ஆகியவற்றை நினைத்தால் அதைச் சான்று என்று ஏற்பது கடினம். 2014-இல் சால்வதெல்லியும் கூட்டாளிகளும் அண்மைக்கால ஊடாட்டத்துக்கு அறிகுறி இருப்பதாக எழுதினர். இவற்றில் எதுவும் கண்டுபிடிப்பு என்ற தகுதியை எட்டவில்லை.

ஊடாடும் மாதிரியையும் ஊடாடாத மாதிரியையும் எப்படிப் பிரித்தறிவது?

விரிவு வரலாற்றை மட்டும் வைத்துப் பிரிக்கவே முடியாது. ஈர்ப்பு உணர்வது மொத்தத்தை மட்டுமே என்பதை மார்ட்டின் குன்ஸ் 2009-இல் தெளிவாக எடுத்துக்காட்டினார். ஒரே கல்லாப்பெட்டியை வைத்துக் கடை நடத்தும் அண்ணன் தம்பி இருவரில் யார் எவ்வளவு போட்டார், யார் எவ்வளவு எடுத்தார் என்பது, நாள் முடிவில் பெட்டியை மட்டும் எண்ணுபவருக்குத் தெரியாது. தொலைவுகளை அளப்பது பெட்டியை எண்ணுவது போன்றது.

பங்கைப் பிரித்துக் காட்டக்கூடியவை வேறு. பொருள் திரளும் வேகம் ஒன்று: கூடுதல் விசை இருந்தால் திரள்வது விரையும், உந்தத் தடை இருந்தால் தாமதிக்கும். கரும்பொருளும் சாதாரணப் பொருளும் ஒரே வேகத்தில் விழுகின்றனவா என்பது மற்றொன்று. 2023 ஜூலை 1 அன்று ஏவப்பட்ட யூக்ளிட் விண்கலம் ஈர்ப்பு வில்லை வழியாக மொத்த நிறையையும், நிறமாலை வழியாக மண்டலங்களின் ஓட்டத்தையும் ஒரே வானப்பரப்பில் அளக்கிறது. வில்லையில் ஒளியை வளைப்பதற்கும் மண்டலங்களை ஓடவைப்பதற்கும் வெவ்வேறு அளவு ஈர்ப்பு தேவைப்படுவதாகத் தெரிந்தால், அது பெட்டியை எண்ணுவதைத் தாண்டிய தகவல். சிலியில் 8.4 மீட்டர் கண்ணாடியோடு 2025-இல் முதற்படங்களை வெளியிட்ட ரூபின் ஆய்வகம் மங்கலான விண்மீன் வால்களையும் தேடிப் பிடிக்கக்கூடியது. தனுசுக் குறுமண்டலத்தில் செய்த சோதனையை இன்னும் பல சிறு மண்டலங்களிலும், மெல்லிய வால்களிலும் திரும்பச் செய்ய அது வழிவிடும்.